சோடாபுட்டிக் கண்ணாடியும் அவினாசி ஆத்தாவும்

போன மாதம் பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கையில் வந்த எந்தச் சீட்டையும் தூக்கிப்போடும் பழக்கம் கிடையாது. பேரன் கேலி செய்வான். ஆனால் அன்றைக்கு ஒரே கோப்பில் இரண்டு சீட்டுகள் அருகருகே கிடைத்தன. ஒன்று, சென்ற வருடம் எனக்குக் கண்புரை அறுவை செய்தபோது கொடுத்த சிறு அட்டை. என் வலது கண்ணுக்குள் வைத்த செயற்கை வில்லையின் பவர் அதில் ஒட்டியிருக்கிறது: +21. இன்னொன்று 1979-ஆம் வருடத்துச் சீட்டு, பழுப்பேறி மடிப்பில் கிழிந்தது. அதில் மையில் எழுதியிருப்பது +10. அது அவினாசியில் நான் குடியிருந்த வீட்டுக்காரரின் தாயாருடைய கண்ணாடிச் சீட்டு.

இருவருக்கும் ஒரே நோய், கண்புரை. இருவருக்கும் எடுத்தது ஒரே பொருள், கண்ணுக்குள் இருக்கும் வில்லை. அதற்குப் பதிலாக எனக்கு 21, அவருக்கு 10. ஏன் இந்த வித்தியாசம்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான், நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன் அந்த வீட்டில் நாங்கள் செய்த ஒரு தவறு எனக்கு முழுதாகப் புரிந்தது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

ஆத்தாவுக்கு அப்போது எழுபதுக்குப் பக்கம். இரண்டு கண்ணிலும் புரை. ஒன்று முற்றி வெள்ளையாகவே தெரியும். அந்தக் காலத்தில் கண் சிகிச்சை முகாம்கள் பள்ளிக்கூடங்களில் நடக்கும். 1976-ல் மத்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு முகாம்கள் இன்னும் பெருகின. பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வகுப்பறையில் பாய் விரிப்பார்கள். பக்கத்து அறைதான் ஆபரேஷன் அறை. வீட்டுக்காரர் லாரித் தொழில்காரர், வெளியூர் போயிருந்தார். அதனால் ஆத்தாவைக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அங்கே போனதும், எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் என்று பிடித்து உட்காரவைத்து, வந்தவர்களின் பெயர், ஊர், வயது எழுதச் சொல்லிவிட்டார்கள். வயது கேட்டால் பாதிப் பேர் "நீங்களே பாத்துப் போடுங்க" என்பார்கள்.

அன்றைய அறுவையில் புரை விழுந்த வில்லையை அதன் உறையோடு முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள். அதற்குக் கருவிழியின் விளிம்பில் பெரிய வெட்டு போட வேண்டும். ஆகவே நாள்கணக்கில் கட்டுப் போட்டுத் தலையை அசைக்காமல் படுக்க வைத்திருந்தார்கள். ஆத்தா ராகிக் களி கேட்டார். கஞ்சிதான் கிடைத்தது. ஒரு மாதத்துக்கு மேல் கழித்துக் கண்ணாடி வந்தது. பட்டையான கறுப்புச் சட்டம், நடுவில் புடைத்த கண்ணாடி. கோலி சோடா பாட்டிலின் அடியை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். சோடாபுட்டி என்று ஊரே அதற்குப் பெயர் வைத்திருந்தது. அதைப் போட்டவரின் கண் நம் பக்கம் பார்த்தால் உருண்டை உருண்டையாகப் பெரிசாகத் தெரியும். பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

முதல் நாள் கொண்டாட்டம். ஆத்தா என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க இத்தன சின்னப் பையனுங்களா தம்பி? குரலெக் கேட்டு நாப்பது வயசுன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். அந்த மகிழ்ச்சி ஒரு வாரம் இருந்தது. பிறகு புகார்கள் தொடங்கின.

"சொம்பு பக்கத்துல இருக்கறாப்ல தெரியுதுங் தம்பி, கையெ நீட்டுனா எட்ட மாட்டீங்குது" என்பார். வாசக்கால் வளைந்திருக்கிறது என்பார். கட்டிடக் கொத்தனை வைத்து மகன் ஏமாந்துவிட்டதாகவே ஒருநாள் முடிவு கட்டிவிட்டார். படியில் காலை வைத்தால் படி அங்கே இல்லை என்பார். ஆட்டுக்குட்டி எங்கிருந்தோ குதித்து முன்னால் வந்து நிற்கிறது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்றே தெரியவில்லை என்பார். ஒருநாள் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கி வடிக்கப் போய், விளிம்பு தவறி, கொதிக்கும் கஞ்சி காலில் ஊற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு மருமகள், "நீங்க அடுப்படிப் பக்கமே வராதீங்க அத்தே" என்று சொல்லிவிட்டார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் ஐம்பது வருடம் அந்த அடுப்படியை ஆண்டவருக்கு அது தீர்ப்புப்போல் விழுந்தது. வயசாகிவிட்டது, கவனம் போய்விட்டது என்று மகன் சொன்னார். "பழகிடும் ஆத்தா" என்று நானும் சொன்னேன். கண் தெரிகிறதே, இன்னும் என்ன குறை என்பதுதான் எங்கள் எல்லோருடைய எண்ணமும்.

ஆறு மாதம் போயிருக்கும். ஆத்தா திண்ணைக்கு வருவதை நிறுத்திவிட்டார். சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். கேட்டால் தலைவலி என்றார். ஒருநாள் கண்ணாடி எங்கே என்று விடாமல் கேட்டதும், முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் காட்டினார். இரண்டு துண்டு. உடைந்து இரண்டு மாதமாம். "பையனுக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு செலவு வெச்சுட்டு இருக்கறேன்" என்றார். இரண்டு மாதம் அந்த வீட்டில் ஒரு மனுஷி மறுபடி குருடாக இருந்திருக்கிறார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு கோவை ஒப்பணக்கார வீதிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கே எழுதிக் கொடுத்ததுதான் நான் சொன்ன +10 சீட்டு. ஆத்தாவின் புகார்களைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. புது வில்லையை என் கையில் கொடுத்து, கட்டம் போட்ட கணக்குத் தாள் ஒன்றை அதன் வழியாகப் பார்க்கச் சொன்னார். நடுவில் கோடுகள் நேராக இருந்தன. ஓரத்துக்குப் போகப் போக எல்லாக் கோடும் உள்பக்கம் வளைந்திருந்தது. "அந்தம்மா சொன்னது அத்தனையும் சரிங்க" என்றார்.

இனிக் கொஞ்சம் பௌதிகம். பயப்பட வேண்டாம், பள்ளியில் படித்ததுதான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் வில்லைக்கும் மைசூர்ப் பருப்புக்கும் ஒரே சொல், 'லான்திய்'. இரண்டும் நடுவில் புடைத்து ஓரத்தில் மெலிந்த வடிவம். இன்று நாம் 'பவர்' என்று சொல்லும் அளவுக்கு 'தியோப்த்ரி' என்று பெயர் வைத்தவர் ஃபெர்தினான் மொனுவாயே என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர், 1872-ல். இங்கே அதை டயாப்டர் என்கிறோம். ஒரு வில்லை சூரிய ஒளியை ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளியாகக் குவித்தால் அதன் பவர் 1. அரை மீட்டரில் குவித்தால் 2. பத்து சென்டிமீட்டரில் குவித்தால் 10. அவ்வளவுதான் கணக்கு. இந்த மொனுவாயே கண் பரிசோதனைக்கு ஓர் எழுத்துப் பலகையும் செய்தார். அதன் இரண்டு ஓர எழுத்துகளையும் கீழிருந்து மேலே படித்தால் அவர் பெயரே வரும். எங்கள் ஊர் வாத்தியார் இதைச் சொன்னபோது வகுப்பே அந்தப் பலகையை எங்கே பார்க்கலாம் என்று அலைந்தது.

நம் கண்ணின் மொத்தப் பவர் ஏறத்தாழ 60. அதில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே கண்ணாடிபோல் தெரியும் கருவிழிப் படலத்தினுடையது. மீதி சுமார் 20, உள்ளே இருக்கும் வில்லையினுடையது. இரண்டும் சேர்ந்து வெளிச்சத்தை விழித்திரையில் குவிக்கின்றன. கண் நீளமாக இருந்தால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். அது கிட்டப்பார்வை, குழிவில்லை (மைனஸ்) வேண்டும். கண் குட்டையாக இருந்தால் விழித்திரைக்குப் பின்னால் போய்விடும். அது தூரப்பார்வை, குவிவில்லை (பிளஸ்) வேண்டும். நாற்பதுக்கு மேல் உள்வில்லை இறுகி, கிட்டத்தில் பார்க்க வளைந்துகொடுக்காது. அதற்கு நம் பாட்டன்மார் சாளேசுரம் என்றார்கள். இந்துஸ்தானியில் 'சாலீஸ்' என்றால் நாற்பது, அதிலிருந்து வந்த சொல். வெள்ளெழுத்து என்பதும் இதுதான்.

புரைக்கு வருவோம். உள்வில்லை மங்கிப்போவதே புரை. அதை எடுத்தால் வெளிச்சம் உள்ளே போகும், ஆனால் குவிப்பதற்கு 20 குறைகிறது. எல்லாம் கலங்கலாகத் தெரியும். சுசுருத சம்ஹிதை சொல்லும் பழைய முறையில் ஊசியால் அந்த வில்லையை ஒரு பக்கம் தள்ளிவிடுவார்கள். ஊர் ஊராகத் திரிந்த வைத்தியர்கள் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். சென்னையில் 1819-ல் தொடங்கிய கண் மருத்துவமனை, இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, உலகின் மிகப் பழையவற்றில் ஒன்று. அங்கே 1904 முதல் 1914 வரை தலைவராக இருந்த எலியட் என்ற ஆங்கிலேயர், இப்படித் தள்ளிவிடப்பட்டுக் கெட்டுப்போன கண்களைப் பார்த்துப் பார்த்து, அந்தச் சிகிச்சையைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். வில்லையை வெட்டி வெளியே எடுக்கும் முறையை 1747-ல் முறையாகச் செய்து காட்டியவர் ழாக் தாவியேல், அவரும் பிரெஞ்சுக்காரர். ஆனால் தள்ளினாலும் எடுத்தாலும் பிரச்சினை ஒன்றுதான். போன 20-ஐ எங்கே வைப்பது?

இருநூறு வருடங்களுக்குக் கிடைத்த ஒரே பதில், மூக்கின் மேல் என்பது. அங்கே வைத்தால் 20 தேவையில்லை, 10 அல்லது 11 போதும். காரணம், தோட்டத்துக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். வாய்க்காலை வெகு முன்னாலேயே திருப்பினால் லேசாகத் திருப்பினால் போதும், போய்ச் சேருகிற இடத்துக்குச் சேர்ந்துவிடும். வயலுக்குப் பக்கத்தில் வந்த பிறகு திருப்பினால் வெடுக்கென்று திருப்ப வேண்டும். வெளிக் கண்ணாடி வெளிச்சத்தை முன்னாலேயே திருப்புகிறது. உள்வில்லை விழித்திரைக்கு அருகில் இருந்து திருப்புகிறது. இதுதான் 10-க்கும் 21-க்கும் உள்ள கதை.

ஆனால் முன்னாலேயே திருப்புவதற்கு ஒரு விலை உண்டு. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பன்னிரண்டு மில்லிமீட்டர் சுமார், ஒரு விரல் கனம். அந்த இடைவெளியால் அது பாதி கண்ணாடியாகவும் பாதி பூதக்கண்ணாடியாகவும் ஆகிவிடுகிறது. எல்லாப் பொருளும் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிவது பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். சொம்பு கைக்கு எட்டாமல் போனதற்கும் படி இடம் மாறியதற்கும் இதுதான் காரணம். ஓரத்தில் பெருக்கம் இன்னும் அதிகம், அதனால் நேர்க்கோடு வளையும். வாசக்கால் வளைந்ததும் கொத்தன் பழி வாங்கியதும் அப்படித்தான்.

ஆட்டுக்குட்டி விஷயம் இதைவிட விசித்திரம். வில்லையின் ஓரத்தில் விழும் வெளிச்சம் நடுவை நோக்கி வெகுவாக வளைகிறது. ஓரத்துக்கு வெளியே வரும் வெளிச்சம் வளையாமல் நேராகப் போகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு வெளிச்சம் எந்த வழியாகவும் கண்ணுக்குள் சேராது. ஆக, உலகத்தைச் சுற்றி ஒரு வளையம் காணாமல் போய்விடும். பக்கவாட்டில் வருகிற எதுவும் அந்த வளையத்துக்குள் மறைந்து, திடீரென்று முன்னால் குதிக்கும். தலையைத் திருப்பினால் வளையமும் கூடவே திரும்பும்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் காலத்துப் பெரியவர்கள் படிக்கும்போது கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொள்வார்கள். சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடியில் அதற்குப் பெரிய பலன் கிடையாது. ஆனால் +10 கண்ணாடியை ஒரு சென்டிமீட்டர் இறக்கினால், அதன் பவர் 11-க்கு மேல் போனதுபோல் ஆகும். படிக்கக் கொஞ்சம் உதவும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்தார்கள்.

ஒரு கண்ணில் மட்டும் புரை எடுத்து, மறு கண் நன்றாகவே இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு கண்ணில் பிம்பம் பெரிது, மறு கண்ணில் சரியான அளவு. கால் பங்கு வித்தியாசத்தை மூளையால் ஒன்றுசேர்க்க முடியாது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். மிகக் கடுமையான கிட்டப்பார்வைக்காரர்களுக்கு மட்டும் அதிர்ஷ்டம். அவர்களுடைய நீண்ட கண்ணுக்குப் பவர் ஏற்கெனவே அதிகம். வில்லையை எடுத்ததும் −20 கண்ணாடிக்காரர் ஏறக்குறையக் கண்ணாடியே இல்லாமல் நடப்பார்.

இதெல்லாம் படிப்பறிவில்லாத கிராமத்துக் கிழவியின் குழப்பம் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: குளோத் மோனே. அல்லிக் குளங்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர். 1912-ல் அவருக்குப் புரை என்று தெரிந்தது. பத்து வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டார். நண்பர் கிளெமான்சோ, முன்னாள் பிரதமர், தானும் மருத்துவம் படித்தவர், வற்புறுத்தி 1923-ல் வலது கண்ணில் அறுவை செய்ய வைத்தார். தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். மோனே கோபத்தில் கொதித்தார். உருவங்கள் கோணுகின்றன, நிறங்கள் மாறிவிட்டன என்று மருத்துவருக்கு எழுதினார். இன்னொரு கண்ணைத் தொட விடவே இல்லை. உலகமே கண்ணை நம்பிப் பாராட்டிய மனிதர் சொன்னதையும், அவினாசித் திண்ணையில் ஆத்தா சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. மோனேயின் புகாரை மருத்துவர்கள் கேட்டுக் கண்ணாடியை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஆத்தாவை நாங்கள் அடுப்படியிலிருந்து அனுப்பினோம்.

சரி, போன வில்லையை அதே இடத்தில் வைத்தால் என்ன? இதைக் கேட்டவர் ஒரு மருத்துவ மாணவர் என்பார்கள். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி புரை எடுப்பதைப் பார்த்துவிட்டு, புது வில்லை வைக்கவில்லையே என்று கேட்டாராம். ரிட்லி இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்களைப் பார்த்தவர். விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் கூரை நொறுங்கித் துணுக்குகள் கண்ணுக்குள் போயிருந்தன. வேறு எந்தத் துகள் போனாலும் கண் சிவந்து வீங்கும். இந்தத் துணுக்குகளைக் கண் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பெர்ஸ்பெக்ஸிலேயே ஒரு வில்லை செய்து, 1949 நவம்பர் 29-ஆம் தேதி 45 வயதுப் பெண்மணி ஒருவரின் கண்ணுக்குள் வைத்தார்.

அதிலும் பௌதிகம் ஒரு விளையாட்டுக் காட்டியது. இயற்கை வில்லையின் வளைவை ஏறக்குறைய அப்படியே நகல் எடுத்திருந்தார். ஆனால் பெர்ஸ்பெக்ஸ் இயற்கை வில்லையைவிட வெளிச்சத்தை அதிகம் வளைக்கும். புரை போய்ப் பார்வை வந்தது, ஆனால் அந்த அம்மாவுக்குக் கடுமையான கிட்டப்பார்வையும் வந்துவிட்டது. பிறகு வளைவைக் குறைத்துச் சரிசெய்தார். மூத்த மருத்துவர்கள் பலர், கண்ணிலிருந்து வெளியே எடுக்க வேண்டியவர் உள்ளே ஒன்றை வைக்கிறாரே என்று எதிர்த்தார்கள். முப்பது வருடப் போராட்டம். 1980-களில்தான் மேலைநாடுகளில் அது சாதாரணச் சிகிச்சை ஆயிற்று. ரிட்லிக்கு வயதானபோது அவர் கண்ணிலும் புரை வந்தது. அதே மருத்துவமனையில் அவருக்கும் வில்லை வைத்தார்கள்.

நம் ஊருக்கு அது உடனே வரவில்லை. தடை, விலை. வெளிநாட்டு வில்லை ஒன்று நூறு டாலர் அளவில் இருந்தது. முகாமில் படுத்திருந்த ஆத்தாமார்களுக்கு நூறு டாலர் என்றால் என்ன? பணம் உள்ளவர்களுக்கு வில்லை, மற்றவர்களுக்குச் சோடாபுட்டி என்று ஆயிற்று.

இதை மாற்றியவர்களின் கதை மதுரையில் தொடங்குகிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்துக்காரர், 1918-ல் பிறந்தவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போயும், அந்த விரல்களாலேயே புரை அறுவை செய்யப் பழகியவர். மதுரை அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து, முகாம் முகாமாக நடத்தி, 1976-ல் 58 வயதில் ஓய்வு பெற்றார். அதே வருடம் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். எங்கள் புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தரின் பெயர்தான் அது. நானும் 58-ல் ஓய்வு பெற்றவன். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதைத் தவிர வேறொன்றும் தொடங்கவில்லை.

1992-ல் அவர்களே மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் அமைத்து வில்லை செய்ய ஆரம்பித்தார்கள். நூறு டாலர் பொருள் பத்து டாலர் அளவுக்கு வந்தது, பிறகு அதற்கும் கீழே இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. ஆனால் கண்ணாடியே போதாதா, ஏழைகளுக்கு எதற்கு வில்லை என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அதற்கு விடை காண மதுரையிலேயே ஓர் ஆய்வு நடந்தது. இரு கண்ணிலும் புரையால் பார்வை இழந்த 3,400 பேர். ஒரு பகுதியினருக்குப் பழைய முறையும் கண்ணாடியும், மறு பகுதியினருக்கு வில்லை. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னதோடு நிறுத்தவில்லை. பக்கவாட்டில் தெரிகிறதா, தூரம் மதிப்பிட முடிகிறதா, அன்றாட வேலை நடக்கிறதா என்றும் கேட்டார்கள். 1998-ல் முடிவு வெளியானது. வில்லை வைத்தவர்கள் எல்லாவற்றிலும் மேலாக இருந்தார்கள். அந்தக் கேள்விப் பட்டியலைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சொம்பும் படியும் ஆட்டுக்குட்டியும் அதில் இருந்தன. ஆத்தாவை யாரோ கடைசியில் கேட்டிருக்கிறார்கள்.

1994 முதல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் புரைத் திட்டம் நடந்தது. பள்ளிக்கூட அறுவை குறைந்தது. முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வில்லை வைத்து அனுப்பும் வழக்கம் வந்தது. நம் கோவையில் டாக்டர் ஆர்.வி. ரமணியும் டாக்டர் ராதா ரமணியும் 1977-ல் தொடங்கிய அறப்பணி, சத்தி ரோடு சிவானந்தபுரத்தில் சங்கரா கண் மருத்துவமனையாக வளர்ந்து இதைத்தான் செய்தது, இன்றும் செய்கிறது. அவினாசி ரோட்டில் அரவிந்த் 1997-ல் வந்தது. கொங்கு நாட்டுக் கிராமங்களில் காலையில் வந்து நிற்கும் அந்தப் பேருந்துகளை வாசகர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் ஏறியும் இருப்பீர்கள். சோடாபுட்டிக் கண்ணாடி தெருவிலிருந்து காணாமல் போனது இப்படித்தான். பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே இன்று சினிமா கேலியாக மட்டும்தான் தெரியும்.

எனக்குச் சென்ற வருடம் செய்தார்கள். முதலில் கண்ணின் நீளத்தை அளந்தார்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் பவரில் இரண்டரைக்கு மேல் தவறும் என்று அளந்த பெண் சொன்னார். அந்தக் கணக்கில்தான் +21 வந்தது. அறுவை கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சிறு துளை வழியாக மடித்த வில்லை உள்ளே போய் விரிந்துகொண்டது. தையல் இல்லை, மணல் மூட்டை இல்லை. மறுநாள் கட்டைப் பிரித்ததும் சுவர் பளீரென்று நீலம் பாய்ந்த வெள்ளையாக இருந்தது. பழைய வில்லை இத்தனை வருடம் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசியிருக்கிறது. வாசக்கால் நேராக இருந்தது. தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினேன், சரியாக அகப்பட்டது. அப்போதுதான் ஆத்தா ஞாபகம் வந்தது.

ஆத்தா 1988-ல் காலமானார். கடைசி வரை அந்தக் கண்ணாடியோடுதான். நான் மாற்றலாகி வேறு ஊர் போன பிறகும் அவினாசிப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வருவேன். ஒப்பணக்கார வீதியிலிருந்து திரும்பிய அன்று, கணக்குத் தாளில் பார்த்ததை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். மருமகள் வாங்கிப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில், "அத்தே, ரசத்துக்கு வந்து உப்புப் பாருங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் கேட்டது. சோறு வடிக்கும் வேலை மருமகளிடமே இருந்தது, ரசமும் தாளிப்பும் ஆத்தாவிடம் திரும்பி வந்தன.

கொங்குப் பக்கத்தில் பிரியமாக யாரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த எனக்கு முதலில் விளங்கவில்லை. அதுவரை 'தம்பி'யாக இருந்த என்னை ஆத்தா 'கண்ணு' என்று கூப்பிடத் தொடங்கியது அந்தக் கணக்குத் தாளுக்குப் பிறகுதான்.

உங்கள் வீட்டில் பெரியவர் யாராவது, கண்ணில் ஒன்று சரியில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னால், வயசு என்று சொல்வதற்கு முன் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சீட்டையும் மறுபடி அதே கோப்பில் வைத்துவிட்டேன்.